கல்யாணம் முடிந்தது, கூறைப்புடவையை என்ன செய்வது?

கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் கழித்து, நாத்தனார் வளைகாப்புக்குக் கட்டலாம் என்று என் கூறைப்புடவையை பீரோவிலிருந்து எடுத்தேன். ஜவுளிக்கடை கொடுத்த அதே பிளாஸ்டிக் கவர். மடிப்பு கலையக் கூடாது என்று புடவை மேலேயே இரண்டு ரப்பர் பேண்டு. கவருக்குள் அரை டஜன் அந்துருண்டை. எல்லாம் என் கைவேலைதான், பத்திரமாக வைத்திருப்பதாக நினைப்பு.

பிரித்தபோது கொசுவம் வரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பு வட்டம், பக்கத்தில் நாலைந்து சின்னப் புள்ளிகள். ரப்பர் பேண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் சரிகைக் கரையின் குறுக்கே பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. கல்யாண ஆல்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பாலும் பழமும் கொடுத்தபோது கிண்ணம் சாய்ந்தது. சித்தி கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, "ஒண்ணும் தெரியல, விடு" என்றார். அன்றைக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரைக் கறை காய்ந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடும். மாதக்கணக்கில் துணிக்குள் கிடந்து பழுத்த பிறகுதான் வெளியே தெரியும். அதற்குள் அது பட்டு இழையில் ஊறிப்போயிருக்கும்.

அதை எடுக்க அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் என்று எந்த ஊர் நெசவானாலும் சரிகை போட்ட பட்டுக்கு இது பொருந்தும். கல்யாண அலைச்சலில் எல்லாம் செய்ய முடியாது என்றால் முதல் நான்கு படிகளையாவது முதல் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

1. அன்றைக்கே: மடிக்காதீர்கள், காற்றாட விடுங்கள்

புடவை பெரும்பாலும் கெடுவது மண்டபத்து அறையிலேயேதான். ரிசப்ஷனுக்கு மாற்றும் அவசரத்தில் வியர்வை ஈரத்தோடு அவிழ்த்து, சுருட்டி, கட்டைப்பையில் திணிப்போம். அந்தப் பை அடுத்த இரண்டு நாள் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே கிடக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, புடவைக்கு என்று ஓர் ஆளை முன்கூட்டியே நியமிப்பது. மணப்பெண்ணால் முடியாது. அம்மாவாலும் முடியாது. விவரமான ஒரு சித்தி பெண்ணிடம் பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கொடுத்து, "இதில்தான் சுற்ற வேண்டும்" என்று சொல்லி வையுங்கள்.

அவிழ்க்கும்போது பின்களை முதலில் எண்ணி எடுக்கவும். தோளிலும் கொசுவத்திலும் பத்துப் பன்னிரண்டு பின் இருக்கும், அழகுக்கலைப் பெண் குத்தியதில் பாதி வெளியே தெரியாது. ஒன்று உள்ளே தங்கினாலும் துருக்கறை, இல்லையென்றால் இழுக்கும்போது கிழிசல். துருக்கறை பட்டிலிருந்து சுலபத்தில் போகாது.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள், மின்விசிறிக் காற்றில், ஓர் இரவு முழுக்க விரித்துப் போடுங்கள். கட்டிலில் பழைய பருத்தி விரிப்பைப் போட்டு அதன்மேல் விரிக்கலாம். கொடியில்தான் போட வேண்டும் என்றால் கொடிமேல் முதலில் வேட்டியைப் போட்டுவிட்டு அதன்மேல் புடவை. கம்பிக் கொடியின் துரு சரிகையில் ஒட்டும். மொட்டை மாடி வெயில் வேண்டவே வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

2. மறுநாள் பகலில்: கறைகளைத் தேடுங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையிலிருந்து உள்முனை வரை முழம் முழமாக நகர்த்திப் பாருங்கள். ஆறு மீட்டர் துணி, அரை மணி நேரம் ஆகும். கறை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாக ஒரு தையல் போட்டு அடையாளம் வையுங்கள். பேனாவால் வட்டம் போடுவது, பின் குத்துவது இரண்டும் கூடாது. அடையாளம் வைத்த ஒவ்வோர் இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, என்ன கறை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் நான்காவது படியில் உங்களைக் காப்பாற்றப்போகிறது.

கண்ணுக்குத் தெரிகிற கறைகளை விட்டுவிட மாட்டீர்கள். மஞ்சள், குங்குமம், சந்தனம், ஹோமத்து நெய், தாலி கட்டும்போது கொட்டிய அட்சதை, கழுத்து மேக்கப் எல்லாம் தெரியும். தெரியாதவற்றை இப்படிக் கண்டுபிடிக்கலாம். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைப் புடவைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பால், பானகம், இளநீர், பழச்சாறு சிந்திய இடம் சற்று மங்கலாகத் தெரியும், விரலால் தடவினால் லேசாக விறைப்பாக இருக்கும். கொசுவத்தின் மேல்பகுதி, மடி, இடுப்பைச் சுற்றிய இடம், மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிய நெஞ்சுப்பகுதி, இந்த நான்கையும் கட்டாயம் பார்க்கவும். ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும், சாப்பாட்டுப் பந்தியிலோ பால்பழம் சடங்கிலோ சிந்தியது நினைவிருந்தால் அதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

கண்டுபிடித்ததும் கை துருதுருக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் அது சிவப்பாக மாறும், சோப்பிலுள்ள காரம் செய்கிற வேலை. எலுமிச்சம்பழம் சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடும். ஈரத்துணியால் தேய்த்தால் பட்டின் மினுமினுப்புப் போய் வட்டமாகத் தண்ணீர்த் தடம் நிற்கும். கறையைவிட அந்தத் தடம் அசிங்கம்.

வீட்டில் செய்யக்கூடியது இரண்டே இரண்டு. நெய், எண்ணெய் பட்ட இடத்தில் வாசனையில்லாத டால்கம் பவுடரைத் தூவி, ஓர் இரவு விட்டு, மெல்ல உதறுங்கள், எண்ணெயில் ஒரு பகுதியைப் பவுடர் உறிஞ்சிவிடும். சரிகைமேல் மட்டும் தூவ வேண்டாம், இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குங்குமம் உலர்ந்து தூளாக நின்றால் தேய்க்காமல், மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் மேலாகத் தட்டி எடுங்கள். மற்றதெல்லாம் கடைக்காரர் வேலை.

3. காகிதங்களைச் சேருங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போவார்கள், நானும் தாண்டினேன். கறை எடுக்கக் கொடுத்த கடையில், "புடவை என்ன விலை, சரிகை என்ன சரிகை?" என்று கேட்டபோது என் கையில் ஒன்றுமில்லை. பில் அப்பாவின் கல்யாணக் கணக்கு நோட்டுக்குள் போய், நோட்டு எங்கோ போய்விட்டது.

ஓர் உறையில் போட வேண்டியவை: புடவை வாங்கிய பில், அதன் கைப்பேசிப் படம் (பில் அச்சு இரண்டு வருஷத்தில் மங்கிவிடும், அதனால் அன்றைக்கே எடுக்கவும்), சில்க் மார்க் அட்டை, ஜாக்கெட் தைத்ததில் மீந்த துண்டு, குஞ்சம் கட்டும்போது வெட்டிய நூல்கள், கறைத் தாள். மீந்த துண்டும் நூலும் பிற்பாடு டார்னிங் செய்ய (ஓட்டையை நூலால் இழையோடி அடைக்க) அப்படியே நிறம் பொருந்தும், வேறெங்கும் கிடைக்காது. டெய்லர் கடையில் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

சில்க் மார்க் பற்றி ஒரு குழப்பம் உண்டு. மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-இலிருந்து வருகிற அந்த ஹாலோகிராம் அட்டை, துணி தூய பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அசல் சரிகை என்றால் நடுவில் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி இழை, மேலே தங்கப் பூச்சு. இப்போது வருகிற பல புடவைகளில் செம்புச் சரிகையோ பாலியெஸ்டர் சரிகையோதான் இருக்கும். பட்டு தூய பட்டாகவே இருக்கலாம், சரிகை வேறாக இருக்கலாம். குஞ்சத்தில் வெட்டிய சரிகை நூல் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. முடிவான பதில் வேண்டுமென்றால் சரிகையைச் சோதிக்கும் கருவி உள்ள இடத்தில்தான் கேட்க வேண்டும். எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது கோபப்படுவதற்காக இல்லை. சலவைக்காரரிடம் சொல்லவும், பின்னாளில் விற்க நேர்ந்தால் ஏமாறாமல் இருக்கவும்தான்.

உறையைப் புடவை மடிப்புக்குள் வைக்காதீர்கள். பில்லின் மையும் ஸ்டேபிளர் பின்னும் பட்டுக்கு ஆகாது.

4. பத்து நாளுக்குள்: டிரை கிளீனிங்

"பட்டுக்குத் தண்ணியே காட்டக் கூடாதுடி" என்பார் அம்மா. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசியே முப்பது வருஷம் பட்டுப்புடவைகளைக் காப்பாற்றியவர் பாட்டி. இரண்டு பேரும் அவரவர் புடவைக்குச் சரி. ஆனால் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் கோர்வையில் (உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் முறை) நெய்த புடவைக்கு முதல் சலவையை வீட்டில் செய்யாதீர்கள். கரைச் சாயம் உடலில் இறங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. துணி சோப்புத்தூளை நினைத்தும் பார்க்கக் கூடாது. பட்டு ஒரு புரதம், புரதக் கறையைத் தின்பதற்காகச் சோப்புத்தூளில் சேர்க்கிற நொதி பட்டையும் சேர்த்துத் தின்னும்.

டிரை கிளீனிங் என்றதும் எல்லாக் கறையும் போய்விடும் என்று நினைப்பது அடுத்த பொறி. அதில் பயன்படுத்தும் திரவம் எண்ணெய், நெய், மேக்கப்பை எடுக்கும். பால், சர்க்கரை, வியர்வை போன்ற தண்ணீரில் கரைகிற கறைகளை அதுவாக எடுக்காது. அவற்றை இயந்திரத்தில் போடுவதற்கு முன்பு தனியாகக் கையால் எடுக்க வேண்டும். இடத்தைக் காட்டாவிட்டால் கடையில் யாரும் தேட மாட்டார்கள். என் வட்டக்கறை தப்பித்தது இப்படித்தான். கல்யாணத்துக்கு மறுவாரமே புடவை டிரை கிளீனிங் போய் வந்தது, பாலைப் பற்றி நாங்கள் யாரும் வாயே திறக்கவில்லை.

கடையில் கேட்க வேண்டியவை: இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? கறையை முதலில் தனியாக எடுப்பீர்களா? கரையின் ஓரத்தில் சாயம் போகிறதா என்று சோதிப்பீர்களா? வேறு துணிகளோடு சேர்த்துப் போடுவீர்களா? "எல்லாம் போயிடும் மேடம்" என்று ஒரே வரியில் பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். "மஞ்சள் முழுசா போகும்னு சொல்ல முடியாது" என்று இழுக்கிறவரை நம்பலாம்.

ரசீதில் எழுதி வாங்க வேண்டியது: புடவை நிறம், தூய பட்டு, என்ன சரிகை, வாங்கிய விலை, கறைகளின் எண்ணிக்கையும் இடமும், திருப்பித் தரும் தேதி. பல ரசீதுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில், துணி கெட்டால் சலவைக் கட்டணத்தைப்போல் இத்தனை மடங்குதான் இழப்பீடு என்று அச்சிட்டிருப்பார்கள். முப்பதாயிரம் ரூபாய்ப் புடவைக்கு நாலாயிரம் ரூபாயோடு கதை முடியும். விலையை முன்பக்கத்தில் எழுதச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ரசீதும் பில்லும் வேண்டும்.

செலவு ஊருக்கு ஊர், எடைக்கு எடை மாறும். நான் முதல் முறை கொடுத்தது 450 ரூபாய். மூன்று வருஷம் கழித்துக் கறையை மட்டும் எடுக்க இரண்டு கடைகளில் கொடுத்தது 1,700 ரூபாய், கறை பாதிதான் போனது. முகூர்த்த மாதங்களில் ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் இழுப்பார்கள். உங்கள் கல்யாணம் வைகாசி, ஆவணி, தை மாதிரி நெருக்கடி மாதத்தில் என்றால் கல்யாணத்துக்கு முன்பே கடையைப் பார்த்துப் பேசி வைத்துவிடுங்கள்.

"பாலிஷ் போடட்டுமா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். புடவை புதுசு மாதிரி விறைப்பாக நிற்கும், உண்மைதான். ஆனால் பல இடங்களில் அந்த விறைப்பு கஞ்சியாலோ பசையாலோ வருவது. கஞ்சி போட்ட துணி பூச்சிக்கு விருந்து, மடிப்பில் இழை முறியவும் செய்யும். கட்டப்போகும் வாரத்தில் போடுங்கள், உள்ளே வைக்கும்போது வேண்டாம்.

ஜாக்கெட்டைத் தனி ரசீதாகப் போடுங்கள். வியர்வை முழுவதையும் வாங்கியது அதுதான், அக்குள் பகுதியைக் காட்டிச் சொல்லவும். ஆரி வேலையில் கல் பதித்திருந்தால் தைத்த கல்லா ஒட்டிய கல்லா என்று பாருங்கள், ஒட்டிய கல்லின் பசை டிரை கிளீனிங் திரவத்தில் கரைந்துவிடலாம்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே பிரித்துப் பார்த்து, கறைத் தாளோடு ஒப்பிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடவும். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

5. உள்ளே வைப்பது

கடைக் கவரை அன்றைக்கே கழற்றி எறியுங்கள். ஒரு நாள் நிழலில் விரித்து அந்தத் திரவ வாசனை போனதும் மடியுங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியே போகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்க அது போதும்.

சுற்றுவதற்கு வெள்ளைப் பருத்தித் துணிதான் சரி. மல் துணியோ காடாத் துணியோ புதிதாக வாங்கினால் இரண்டு முறை துவைத்து, கஞ்சி போன பிறகு பயன்படுத்தவும். நான் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டேன், செலவு பூஜ்யம். நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடியுங்கள். முந்தானையில் சரிகை நெருக்கமாக இருக்கும் இடத்தில் கூர்மையாக மடிப்பு விழாமல், மடிப்புக்குள் ஒரு பருத்தித் துணியைச் சுருட்டி வைத்தால் நல்லது. சரிகை கனமான புடவையை ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே ஓர் இடத்தில் இழுபட்டு விட்டுப்போகும். அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியிலும் வைக்காதீர்கள்.

ரப்பர் பேண்டு கூடாது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கந்தகத்தைக் கண்டால் கறுக்கும். என் புடவையின் கறுப்புக் கோடு அதுதான். ஒரு வகையில் சரிகையில் வெள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான்! கம்பளிச் சால்வையிலும் கந்தகம் உண்டு, பக்கத்தில் வைக்காதீர்கள். அடிக்கிற சென்ட்டும் சரிகைக்கு எதிரி.

அந்துருண்டை பட்டில் நேராகப் படக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் நான் அதை வைக்கவே மாட்டேன். அதன் ஆவி, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது, குழந்தைத் துணிகள் அதே பீரோவில்தான் இருக்கும். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு இவற்றில் ஏதாவது ஒன்றைச் சின்னத் துணி முடிச்சில் கட்டி, தட்டின் மூலையில் வையுங்கள். வாசனை போனதும் மாற்ற வேண்டும், ஒரு முறை வைத்துவிட்டு மறந்தால் பயனில்லை. இந்த வாசனைகள் பூச்சியை விலக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே முட்டை வைத்திருந்தால் இவை கொல்லாது. அழுக்கும் கறையும் இல்லாமல் வைப்பதுதான் பெரிய காவல்.

6. மூன்று மாதத்துக்கு ஒரு முறை

கைப்பேசியில் நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்து, உதறி, ஒரு மணி நேரம் நிழலில் விரித்து, பழைய மடிப்புக் கோடுகளின்மேல் மறுபடி மடிப்பு விழாதபடி மாற்றி மடியுங்கள். போன தடவை மூன்றாக மடித்திருந்தால் இந்தத் தடவை நான்காக. ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடிந்து கிடக்கிற பட்டு அந்தக் கோட்டிலேயே கத்தியால் அறுத்த மாதிரி விட்டுப்போகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரிக்க வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரம் முழுக்கப் புடவைக்குள் போகும். புரட்டாசியில் ஒரு முறை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் மழைக்காலத்துக்கு மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள்.

இஸ்திரி போடுவதென்றால் உள்பக்கமாகத் திருப்பி, மேலே பருத்தித் துணி போட்டு, பட்டு அளவுச் சூட்டில். தண்ணீர் தெளிக்காதீர்கள்.

7. ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்

கறுத்த சரிகையைப் புளி, விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்கிற வைத்தியம் அது. தலைமுடியைவிட மெல்லிய இழையின்மேல் இருக்கிற தங்கப் பூச்சை அது வழித்துக்கொண்டு போய்விடும். அப்படியே விட்டுவிடுங்கள். மடிப்பில் விட்டுப்போயிருந்தால் பின்பக்கம் மெல்லிய நெட் துணி வைத்துத் தைக்கலாம். சின்ன ஓட்டைக்கு டார்னிங் போதும், மூன்றாவது படியில் எடுத்து வைத்த நூல் இங்கே வேலைக்கு வரும்.

"பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று வருகிறவர்கள் விலை பேசுவது சரிகையில் உள்ள வெள்ளிக்கு. ஓரத்தைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, "இது செம்பும்மா" என்று ஒரு தொகை சொல்வார்கள். பில்லில் சரிகை விவரம் இருந்தால் அதைக் காட்டிப் பேசுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்காமல் கொடுக்காதீர்கள்.

என் புடவையை நான் கொடுக்கவில்லை. கொசுவத்தை இரண்டு மடிப்புத் தள்ளி எடுத்தால் பழுப்பு வட்டம் உள்ளே போய்விடுகிறது. போன தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அப்படித்தான் கட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் பாயசம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.